மழுங்கின கத்திதான் கையை வெட்டும்!



இந்தப் பகுதியில் கோலம், வடகம், பிள்ளை வளர்ப்பு, கை வைத்தியம் என்று எத்தனையோ பேர் எழுதுகிறீர்கள். ஒன்று விடாமல் படிப்பவள் நான். நாமும் ஏதாவது எழுதலாமே என்று பல நாள் நினைத்ததுண்டு. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு என்ன எழுதத் தெரியும் என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன். ஆனால் இந்த விஷயத்தை எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது யார் வீட்டிலும் நடக்கலாம். விஷயம் ரொம்பச் சின்னது. நம் அடுப்படியில் கிடக்கும் காய் நறுக்கும் கத்தி.

2023-ஆம் வருஷம் சித்திரை மாதம். பள்ளிக்கூடம் லீவு. ஊறுகாய் போடலாம் என்று மாங்காய் வாங்கி வைத்திருந்தேன். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "அம்மா, நான் நறுக்கித் தர்றேன்" என்று ஆசையாகக் கத்தியை எடுத்தாள். எங்கள் வீட்டுக் கத்திகள் எல்லாமே மொட்டைக் கத்திகள்தான். வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன். "பிள்ளை நடமாடுற வீடு. கத்தி ரொம்பக் கூரா இருக்க வேணாம்மா" என்று என் மாமியார் சொல்வார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மாங்காய்த் தோல் வழவழவென்று இருக்கிறது. கத்தி இறங்கவில்லை. பிள்ளை பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தியிருக்கிறாள். கத்தி காயில் இறங்காமல் வழுக்கிக்கொண்டு வந்து இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணியைச் சுற்றி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாலு தையல், ஒரு டி.டி. ஊசி. தையல் போட்ட நர்ஸம்மா கேட்டார், "மொட்டைக் கத்தியா? அதான் வழுக்கியிருக்கு. கூரா இருந்தா காயில இறங்கியிருக்கும்மா."

பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து நான் செய்ததுதான் பிள்ளை விரலை வெட்டியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. கூரான கத்தி தன் எடையிலேயே காயில் இறங்கும். நாம் அழுத்த வேண்டியதில்லை. மழுங்கின கத்திக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். அவ்வளவு அழுத்தத்தில் கத்தி வழுக்கினால் பிடித்து நிறுத்த நம்மால் முடியாது. வெங்காயம் நறுக்கும்போது கண் எரிவதும் மழுங்கின கத்தியால் அதிகமாகிறது. அது வெங்காயத்தை அறுக்காமல் நசுக்குகிறது, அதனால் சாறு அதிகமாகத் தெறிக்கிறது.

சரி, வீட்டிலேயே கத்தியைத் தீட்டிக்கொள்ள ஒரு சாமான் வாங்குவோம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் இரண்டு தடவை ஏமாந்தேன். நீங்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதல் ஏமாற்றம்

செல்போனில் பார்த்து, கத்தியைச் செருகி இழுக்கிற சாணை ஒன்று வாங்கினேன். 250 ரூபாய். கைப்பிடி வைத்து, இரண்டு மூன்று பள்ளங்களோடு பார்க்க அழகாக இருந்தது. நாலு இழுப்பு இழுத்ததும் தக்காளி சர்ரென்று அறுபட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினேன். பத்து நாளில் பழையபடி மழுங்கிவிட்டது. மறுபடி இழுத்தேன், மறுபடி மழுங்கியது. ஒவ்வொரு தடவையும் கீழே பளபளவென்று இரும்புத் தூள் கொட்டியது. விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரடுமுரடாக, எலி கடித்த மாதிரி இருந்தது.

அந்தப் பள்ளத்துக்குள்ளே கெட்டியான உலோகத் துண்டுகள் இரண்டு 'வி' எழுத்து மாதிரி இருக்கின்றன. அவை கத்தியைத் தீட்டுவதில்லை, இரண்டு பக்கமும் சுரண்டி எடுக்கின்றன. அவசரத்துக்கு ஆகும், மலிவான கத்திக்கு ஆகும். நல்ல கத்தியைச் சீக்கிரம் தேய்த்துத் தீர்த்துவிடும். அரிவாள்மணையோ அதில் நுழையவே நுழையாது.

இரண்டாவது ஏமாற்றம்

அடுத்து, தெருவில் மோட்டார் சாணையோடு வந்தவரிடம் என் மாமியாரின் அரிவாள்மணையைக் கொடுத்தேன். அது சாதாரண அரிவாள்மணை இல்லை. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியில், பட்டறையில் சொல்லிச் செய்து, அவருடைய கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்த இரும்பு.

சக்கரம் சுற்றச் சுற்றத் தீப்பொறி பறந்தது. தண்ணீர் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது விளிம்பு ஓரமாக ஒரு விரற்கடை அளவு நீலம் பாய்ந்திருந்தது. அன்று நன்றாகத்தான் வெட்டியது. ஒரே வாரத்தில் கத்தரிக்காய்கூட நறுங்கவில்லை. எஃகை அளவுக்கு மேல் சூடாக்கினால் பட்டறையில் ஏற்றின கடினம் போய்விடும், நீலம் பாய்வது அதற்கு அடையாளம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அரிவாள்மணையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அதுதான் எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

சாணை பிடிப்பவர்கள் எல்லோரையும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். காலால் மிதித்து, நிதானமாக, நடுவில் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடித்துத் தரும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்தால் விடாதீர்கள். எங்கள் தெருப் பக்கம் வந்துகொண்டிருந்தவரை இரண்டு மூன்று வருஷமாகக் காணோம்.

அப்பா சொன்ன வழி

என் அப்பா தச்சு வேலை செய்தவர். மானாமதுரைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். பிள்ளையைப் பார்க்க வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஏம்மா, சின்னப் பிள்ளையில நான் உளி தீட்டுறத தெனமும் பக்கத்துல உக்காந்து பார்த்தவதானே நீ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார்.

மறுநாளே இரும்புக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாங்கினது ஒரே ஒரு சாமான், இரட்டைப் பக்கத் தீட்டுக்கல். எட்டு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். விலை 180 ரூபாய். என் சிறுவாட்டுப் பணத்திலிருந்துதான் கொடுத்தேன்.

இதைக் கடைக்காரர்கள் கார்பரண்டம் கல் என்பார்கள். மணலையும் கரியையும் மின்சார உலையில் சேர்த்துச் சூடேற்றிச் செய்கிற பொருள். 1891-ல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தாராம். என் மகள் படித்துச் சொன்னாள். எஃகைவிட எவ்வளவோ கடினமானது, அதனால்தான் எஃகைத் தேய்க்கிறது. கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். கல்லின் மேல் எண் போட்டிருக்கும். எண் சின்னதாக இருந்தால் சொரசொரப்பு, பெரிதாக இருந்தால் நைஸ். என் கல்லில் ஒரு பக்கம் 120, இன்னொரு பக்கம் 240.

மற்ற சாமான்கள் எப்படி?

கடையிலும் செல்போனிலும் இன்னும் பலவகை இருக்கின்றன. நான் விசாரித்த வரையில் சொல்கிறேன்.

உருண்டையான நீளக் கம்பி: ஓட்டல் சமையல்காரர்கள் கத்தியை மேலும் கீழும் உரசுவார்களே, அது. கூராக இருக்கிற கத்தியின் விளிம்பு லேசாக மடங்கினால் அதை நேராக்கும். மொட்டைக் கத்தியைக் கூராக்காது. முதலில் வாங்க வேண்டியது இது இல்லை.

ஜப்பான் மாதிரி தண்ணீர்க் கல்: 1000, 6000 என்று எண் போட்டு வரும். அருமையாகத் தீட்டும். ஆனால் நம் கல்லைப் போல நாலைந்து மடங்கு விலை, சீக்கிரம் குழி விழும். கை பழகின பிறகு ஆசை இருந்தால் வாங்கலாம்.

கோணம் பிடித்துத் தரும் சட்டம்: கத்தியை ஒரு சட்டத்தில் பூட்டிவிட்டு, கம்பியில் மாட்டின கல்லை உரசுவது. கோணம் மாறாது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லதுதான். விலை ஆயிரத்தை ஒட்டி வருகிறது. அரிவாள்மணையைப் பூட்ட முடியாது.

உப்புத்தாள்: கையில் காசே இல்லாவிட்டால் இது போதும். பெயிண்ட் கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற கறுப்புத் தாள் கேளுங்கள். 400-ல் ஒன்று, 1000-ல் ஒன்று. சமமான டைல்ஸ் துண்டின் மேல் ஈரத்தோடு ஒட்டவைத்துக் கத்தியைத் தீட்டலாம். ஆனால் முதுகுப் பக்கம் முன்னே போகும்படி இழுக்க வேண்டும். கூர் முன்னே போனால் தாள் கிழிந்துவிடும்.

பீங்கான் கோப்பை: கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத வட்டம் ஒன்று இருக்கும். அவசரத்துக்கு அதில் உரசினாலும் கத்தி கொஞ்சம் கூர் ஏறும்.

இத்தனையும் பார்த்த பிறகு நான் சொல்வது இதுதான்: முதல் தடவை வாங்குகிறவர்கள் ஒரே ஒரு இரட்டைப் பக்கக் கல் வாங்குங்கள். மிச்சக் காசைப் பையிலேயே வைத்திருங்கள். எவ்வளவு விலையுள்ள சாமானாக இருந்தாலும் கை பழகாமல் கத்தி கூராகாது. கை பழக இந்தக் கல் போதும்.

தீட்டும் முறை

என் அப்பா சொல்லிக் கொடுத்தபடியே எழுதுகிறேன்.

1. கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நின்றதும் எடுங்கள். ஈரத் துணியை மடித்துப் போட்டு அதன் மேல் கல்லை வையுங்கள். கல் நகரவே கூடாது. எண்ணெய் விட்டும் தீட்டலாம். ஆனால் ஒரு தடவை எண்ணெய் விட்ட கல்லில் பிறகு தண்ணீர் சரியாகப் பிடிக்காது. நான் தண்ணீர்தான்.

2. சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கட்டும். கத்தியைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் லேசாகத் தூக்குங்கள். எவ்வளவு தூக்குவது? கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம். ஏறக்குறைய 20 டிகிரி வரும். இன்னொரு வழி, ஒரு காகிதத்தின் மூலையை இரண்டாக மடித்து, திரும்பவும் இரண்டாக மடியுங்கள். அந்த முனையைவிட ஒரு மயிரிழை தாழ்வு. இந்தக் கோணம் கடைசி வரைக்கும் மாறக் கூடாது. கஷ்டமெல்லாம் இதில்தான்.

3. அடியிலிருந்து நுனி வரை கல் முழுக்கப் படும்படி தீட்டுங்கள். ரொம்ப அழுத்த வேண்டாம். கோணம் சரியா என்று பார்க்க விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பு ஓரத்து மை அழிந்தால் சரி. மேலே மட்டும் அழிந்து ஓரத்தில் மை இருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்.

4. ஒரு பக்கமே தீட்டிக்கொண்டிருந்தால், எதிர்ப்பக்கத்து விளிம்பில் பொடியாக ஒரு பிசிறு எழும்பும். பெருவிரலை முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாக வெளியே தள்ளித் தடவினால் நகத்தில் மாட்டுகிற மாதிரி தெரியும். விளிம்போடு விரலை ஓட்டிப் பார்க்கவே கூடாது. பிசிறு அடியிலிருந்து நுனி வரை எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பலர் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவதால்தான் "கல்லுல தீட்டினேன், கூரே வரல" என்கிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நிறுத்தினேன்.

5. கத்தியைத் திருப்பி மறுபக்கம் அதே மாதிரி. பிறகு கல்லைப் புரட்டி நைஸ் பக்கத்தில் இரண்டு பக்கமும். கடைசியில் எடையே இல்லாமல், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பத்துத் தடவை. பிசிறு உதிர்ந்துவிடும்.

6. பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்திலோ, மடித்த செய்தித்தாளிலோ முதுகு முன்னே போகும்படி பத்து இழுப்பு. பிறகு கத்தியைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். இரும்புத் தூள் ஒட்டியிருக்கும்.

தக்காளியை வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே தோலில் இறங்கினால் வெற்றி. ரொம்ப மொட்டையான கத்திக்கு முதல் தடவை இருபது நிமிஷம்கூட ஆகும். அதற்கப்புறம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நைஸ் பக்கத்தில் ஐந்து நிமிஷம் போதும். பல் வைத்த ரொட்டிக் கத்தியை இந்தக் கல்லில் தீட்டாதீர்கள், பல் போய்விடும்.

அரிவாள்மணைக்கு

அரிவாள்மணையைக் கல்லில் உரச முடியாது. கல்லைத்தான் அரிவாள்மணையில் உரச வேண்டும். கூர் நம்மைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையடக்கமான சின்னக் கல்லால் முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாகப் போகாமல், நீளவாக்கில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கல்லைப் பிடித்த விரல் கல்லின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள்.

நீலம் பாய்ந்த எங்கள் அரிவாள்மணையை என் அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தார். நீலம் பாய்ந்த பாகம் முழுக்கத் தேய்ந்து நல்ல எஃகு வெளியே வருகிற வரைக்கும் விடவில்லை. முன்னைக்கு இப்போது அகலம் குறைந்துவிட்டது. ஆனால் வெட்டுகிறது.

கணக்குப் பார்த்தால்

கல் 180 ரூபாய். வாங்கி ஏமாந்த சாமான் 250. தையல், ஊசி, மாத்திரை, ஆட்டோ எல்லாம் சேர்த்து அன்றைக்கு 700-க்கு மேல் ஆனது. இரண்டு கத்தி, ஓர் அரிவாள்மணையைத் தெருவில் கொடுத்தால் ஒன்றுக்கு 30 ரூபாய் வீதம் ஒரு தடவைக்கே 90 ரூபாய். இரண்டே தடவையில் கல்லின் விலை வந்துவிடுகிறது. கல்லோ எத்தனையோ வருஷம் உழைக்கும். கீழே போடாமல் பார்த்துக்கொண்டால் போதும், விழுந்தால் உடைந்துவிடும்.

கூர் நிற்பதற்கு இன்னும் சில. எவர்சில்வர் தட்டில் வைத்தும், கிரானைட் மேடையிலும் நறுக்காதீர்கள். மரப்பலகையில் நறுக்குங்கள். நறுக்கின காயைக் கூர்ப் பக்கத்தால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள். கரண்டிகளோடு ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள். இரும்புக் கத்தியாக இருந்தால் எலுமிச்சை, மாங்காய் நறுக்கினதும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

என் மகளுக்கு இப்போது தீட்டத் தெரியும். விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. முதலில் கத்தியைத் தொடவே பயந்தவள்தான். கூரான கத்தியை எப்படிப் பிடிப்பது, மற்ற கை விரல்களை எப்படி மடக்கி வைப்பது என்று பக்கத்தில் இருந்து பழக்கினேன். மொட்டைக் கத்தியைக் கொடுத்து ஒதுங்கி நின்றதைவிட இதுதான் சரியென்று இப்போது தெரிகிறது. வேலை முடிந்ததும் கத்திகளை உயரத்தில் வைத்துவிடுவோம். பக்கத்து வீட்டுக் குட்டிப் பிள்ளைகள் வந்து போகிற வீடாயிற்றே.

போன வாரம் என் மாமியார் அரிவாள்மணையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "அம்மாடி, வாழைப்பூ ஆயணும். லேசா ரெண்டு இழுப்பு இழுத்துக் குடு" என்றார். அந்த நீலம் பாய்ந்த சம்பவத்துக்குப் பிறகு அதை என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கத்தியை இன்றைக்கே ஒரு தக்காளியில் வைத்துப் பாருங்கள். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

— மதுரையிலிருந்து ஒரு வாசகி